மூன்று பெயர் இல்லாத முதல் பக்கம்

இந்த மலரை வாங்கியவுடன் உங்களில் சிலர் முதல் பக்கத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். நம் சபையில் யாருக்கு நினைவு மலர் போட்டாலும் உச்சியில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரும் இருக்கும். அச்சகத்துக்காரர் எனக்கும் அப்படியே அடித்துக் கொண்டுவந்து காட்டினார். "எல்லாருக்கும் இதாங்க மொதல்ல வரும்" என்றார். அந்த வரியை நான் பேனாவால் அடித்துவிட்டு, "தேவன் ஒருவரே" என்று மட்டும் போடச் சொன்னேன். அச்சகத்தின் தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். இறந்துபோன என் அக்காவுக்காக நான் செய்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூட்டத்தில் எழுந்து பேசியதும் கிடையாது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது.

அக்கா பிறந்தது விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். அப்பா களிமண் லாரியில் மண் ஏற்றி இறக்கியவர். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஏழு. எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அக்கா பீங்கான் கம்பெனிக்குப் போனார்கள். அச்சிலிருந்து எடுத்த கோப்பைக்கும் பொம்மைக்கும் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, வழவழப்பாக்கித் தருவது அக்காவின் வேலை. கடைசிவரை அதே வேலைதான். அந்தத் தூள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு என்னையும் அங்கேயே சூளை அடுக்கச் சேர்த்துவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "எந் தம்பிக்காகப் பேசறதுக்கு வூட்ல ஒரு ஆளு வேணும்ல" என்று சிரிப்பார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்து வேதத்தைப் படிப்பார்கள். எங்கே பிசிறு இருந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. அது கோப்பையோடு நிற்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து இப்போதைய போதகர் வந்தார். திரித்துவ ஞாயிறு அன்று பிரசங்க மேடையில் ஒரு பீங்கான் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். நம் ஊருக்கென்று யோசித்துக் கொண்டுவந்த உதாரணம். மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, நெருப்பு ஒன்று. மூன்றும் சேர்ந்து கோப்பை ஒன்று. அதுபோலவே கடவுளும் மூவர், ஆனால் ஒருவர் என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் சூளையில் வெந்தவர்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது அக்கா கிட்டே போனார்கள்.

"ஐயா, ஒரு சந்தேகங்க. மண்ணுல கொழைச்ச தண்ணி கோப்பையில நிக்காதுங்களே. காயவெச்சுத் தண்ணியத் தொரத்துனாதான் நாங்க சூளையில ஏத்துவோம். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உள்ளாறயே வெடிச்சிடும். நெருப்பும் சுட்டுட்டுப் போயிடுது. கடைசியில மண்ணு ஒண்ணுதாங்க நிக்குது."

சூளை மேஸ்திரி தேவராஜ் அண்ணன் டீயோடு சிரித்துவிட்டார். "ஐயா, நம்ம கம்பெனிக்கு ஒரு வாரம் வாங்க. கத்துக்கிட்டு அப்புறமா பிரசங்கம் பண்ணலாம்."

போதகரின் முகம் சுருங்கியது. அன்று சுருங்கியது பிறகு விரியவே இல்லை. வேதத்தில் ஆதாரம் அகப்பட்டிருந்தால் அவர் கோப்பையிடம் போயிருக்க மாட்டார். பாவம், கோப்பையும் அவருக்குச் சாட்சி சொல்லவில்லை.

அந்த வாரமே அக்காவைத் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். சபைச் செயலாளரும் இருந்தார். அக்கா பழைய பைபிள் ஒன்றும், போதகரே கொடுத்த புது மொழிபெயர்ப்பு ஒன்றும் எடுத்துவந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

யோவான் எழுதிய முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார்கள். "பழசுல, பரலோகத்துல மூணு பேரு, மூணு பேரும் ஒண்ணுன்னு ஒரு வரி இருக்குது. நீங்க குடுத்த புதுசுல அந்த வரியக் காணோம். எங்கங்க போச்சு?"

"ரொம்பப் பழைய கையெழுத்துப் பிரதிகள்ல அது இல்லம்மா. பின்னாடி சேந்தது."

"தானா சேருமாங்க? யாரோ சேத்ததுதான?"

"அதுக்காக உபதேசம் பொய்யாயிடாது."

"பொய்னு நான் சொல்லலீங்க. ஆதாரம் கேக்குறேன்."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிதா தம்மைவிடப் பெரியவர் என்று இயேசுவே சொல்கிறார். கடைசி நாள் எது என்பது குமாரனுக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்கிறார். உயிர்த்தெழுந்த பிறகும் மரியாளிடம், என் தேவனிடத்துக்குப் போகிறேன் என்கிறார். "கடவுளுக்கு மேல இன்னொரு கடவுள் இருப்பாராங்க?"

"அதெல்லாம் மனுஷத் தன்மையில சொன்னது."

"பெருசா பேசுனா தெய்வம், பணிவா பேசுனா மனுஷனா? இத அவரு சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?"

செயலாளருக்குப் பொறுக்கவில்லை. "மங்கலம்பேட்ட பாய் கடைக்குச் சரக்கு போவுதுல்ல, அங்க கத்துக்கிட்டு வந்தியாம்மா?"

"பாய் வாங்குறது கோப்பைங்க. நான் படிச்சது நீங்க குடுத்த புஸ்தகம்."

கடைசியில் போதகர் எல்லாரும் ஒளிகிற இடத்தில் ஒளிந்தார். "இது மர்மம்மா. மனுஷ புத்திக்கு எட்டாது."

"யாரு புத்திக்கும் எட்டாதது எனக்கும் எட்டலன்னா, எம் மேல ஏங்க கோவிக்கிறீங்க?"

 அடுத்த ஞாயிறு பதில் வந்தது: அக்காவுக்கு இனி நற்கருணை அப்பம் கிடையாது. பெண்டாட்டியை அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவருக்கு அந்த அப்பம் உண்டு. குடித்துவிட்டுப் பாடகர் குழுவில் தள்ளாடியவருக்கு உண்டு. வசனம் காட்டிக் கேட்டவருக்கு இல்லை. அக்கா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஏழு ஆண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எல்லாரும் எழுந்து முன்னே போகும்போது தனியாக இருந்தார்கள். "நான் வரலன்னா அவுங்களுக்கு நிம்மதியாயிடும்டா" என்பார்கள்.

போன வருடம் நெஞ்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கும் வாயும் மூடிய ஆக்சிஜன் முகமூடி. போதகர் வரவில்லை, செயலாளரை அனுப்பினார். அவர் குனிந்து, "மூவரும் ஒருவர்னு இப்பவாச்சும் நம்புறியாம்மா? நம்புனா தலைய மட்டும் ஆட்டு, போதும்" என்றார். அப்போது அக்காவுக்கு இருமல் வந்தது. தலை மேலும் கீழும் ஆடியது. செயலாளர் நிமிர்ந்து, "ஸ்தோத்திரம்! மனந்திரும்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, இருமல் அடங்குவதற்குள் வெளியே போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வழக்கம்போல் பேசாமல் நின்றேன்.

சாயங்காலம் அக்கா முகமூடியை விலக்கினார்கள். "சொல்லிடுடா. நான் தலையாட்டல. இருமுனேன்."

"யாருகிட்டக்கா சொல்றது?"

"எல்லார்கிட்டயும். நீ எங்க பேசப் போற... எழுதியாச்சும் வை."

அதன் பிறகு அவர்கள் பேசவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது.

சபையின் கல்லறைத் தோட்டத்துக் கதவு பூட்டியிருந்தது. வெளியே வண்டியில் அக்கா. செயலாளர் ஒரு தாளை நீட்டினார். அக்கா கடைசி நாளில் மூவரும் ஒருவரான திரியேக தேவனை ஏற்று மன்னிப்புக் கேட்டதாக டைப் அடித்திருந்தது. கீழே என் பெயருக்கு இடம். "ஒரே ஒரு கையெழுத்துப்பா. போட்டா கதவு தொறந்துடும், ஐயாவும் வந்து ஜெபம் பண்ணுவாரு." உயிரோடு இருந்தவரிடம் வாங்க முடியாததை, பேச முடியாதவரின் இருமலிலிருந்து எடுத்து, பேசத் தெரியாதவனின் கையெழுத்தால் முடித்துவிடப் பார்த்தார்கள். அவர்களுடைய உபதேசத்துக்கு அவ்வளவுதான் பலம்.

எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தேன். தாளை நான்காக மடித்துச் செயலாளரின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

மணிமுத்தாற்றங்கரைப் பொது இடுகாட்டில் அடக்கம் செய்தோம். ஜெபம் சொல்ல ஆளில்லை. தேவராஜ் அண்ணன் என் தோளைத் தொட்டு, "நீ சொல்லுப்பா. உனுக்குத்தான் அக்கா" என்றார். எனக்குத் தெரிந்தது பரமண்டல ஜெபம் ஒன்றுதான். அதைச் சத்தமாகச் சொன்னேன். சொல்லும்போதுதான் கவனித்தேன்: இயேசு கற்றுக்கொடுத்த அந்த ஜெபம் முழுதும் பிதா ஒருவரிடம்தான் பேசுகிறது. அக்கா இருந்திருந்தால், "இப்பதான் தெரிஞ்சுதாடா?" என்று கேட்டிருப்பார்கள்.

அன்று வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற கம்பெனித் தோழிகளுக்கும், தேவராஜ் அண்ணனுக்கும், முகமூடியை விலக்கி நனைத்த பஞ்சால் அக்காவின் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்த நர்சு அம்மாவுக்கும், கேட்காமலே மங்கலம்பேட்டையிலிருந்து ஆட்களோடு வந்து குழி வெட்டிக் கொடுத்த பாய்க்கும் நன்றி. வண்டியைத் திருப்பு என்றதும் ஏன் என்று கேட்காமல் திருப்பிய டிரைவர் தம்பிக்கும் நன்றி. செயலாளருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்கா மனந்திரும்பிவிட்டார் என்று அவர் இன்றைக்கும் வீடு வீடாகச் சொல்லி வருவதால்தான் இதை எழுத எனக்குத் துணிச்சல் வந்தது. அவருக்கும் போதகருக்கும் இந்த மலரில் ஆளுக்கொரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அக்கா, எழுதி வைத்துவிட்டேன். நீங்கள் தலையாட்டவில்லை. இருமினீர்கள். பக்கத்தில் நின்ற நான் சாட்சி.