பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு சைக்கிள்

முன் சக்கரம் கழன்று கையோடு வந்தது. நவமணி அதைச் சுவரில் சாய்த்துவிட்டு மிதிகட்டைக்குத் தாவினாள். மலேசியாவில் மெர்போக் ஊரில் இருக்கும் வீட்டின் கார் கொட்டகையில் மூன்று வாரமாக, வேலை விட்டு வந்ததும் இதே கூத்துதான். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டுக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் தோரணையில் உட்கார்ந்திருப்பவர் கணவர் முகுந்தன்.

"ஏழு நிமிசம் ஆச்சு. செப்பாட்லா, சீக்கிரம்!"

"சும்மா இருங்க. நீங்க கத்துனா கை ஓட மாட்டேங்குது."

ஐம்பத்தொரு வயது நவமணிக்குச் சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஓட்டைக் கையுறையைத் தொட்ட மாத்திரத்தில் தூக்கி எறியும் விரல்கள். சோறு வேகும் நேரத்தைக்கூட நிமிடக் கணக்கில் சொல்வாள். பேச ஆரம்பித்தால் மட்டும் கடிகாரம் அவள் கண்ணில் படாது.

ஒரு காலத்தில் அவளும் உமாராணியும் எஸ்டேட்டிலிருந்து தொழிற்சாலைக்கு ஜோடியாகச் சைக்கிள் மிதித்தவர்கள். கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போன உமாராணி இப்போது, "வாடி, ஆத்தோரமா ஒண்ணா மிதிப்போம். சைக்கிள் இங்கேயே வாடகைக்குக் கெடைக்கும்" என்று கூப்பிட்டிருக்கிறாள். நவமணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"வாடகைச் சைக்கிள்ல போயி அவ முன்னால நிக்கவா? என் சைக்கிள்லதான் போய் எறங்குவேன்."

பாரிஸில் நான்கு நாள் சுற்றிவிட்டு ரயில் பிடிக்க வேண்டும். எல்லை ஊர் வரை போகும் ரயிலில் சைக்கிளை அப்படியே உருட்டி ஏற்றலாம். எல்லை தாண்டும் ரயிலிலோ கழற்றிப் பையில் போட்டால்தான் இடம். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு நிமிடம். விட்டால் உமாராணி பிளாட்பாரத்தில் காத்துக் கிடப்பாள். லாரிப் படுதாவில் பையைத் தைத்தவள் நவமணியேதான். அந்த ஊர்களின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் ஒரு கட்டை ஏறிவிடும்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பயணத்துக்கென்று கோயிலில் பூசை போட்டபோது, பூசாரி பக்தி மிகுதியில் ஹேண்டில்பாரையும் சட்டத்தையும் சேர்த்து மஞ்சள் கயிற்றால் ஏழு முடிச்சுப் போட்டுவிட்டார். ஹேண்டிலைத் திருப்பினால்தான் சைக்கிள் பைக்குள் அடங்கும். முடிச்சுகளை அவிழ்க்கவே மூன்று நிமிடம் போகிறது. நவமணியும் சளைக்காமல் தினமும் அவிழ்க்கிறாள்; பயிற்சி முடிந்ததும் அதே இடத்தில், அதே ஏழு முடிச்சோடு கட்டியும் வைக்கிறாள்.

நாளைக்கு விமானம். இன்று கடைசி ஒத்திகை. பையின் ஜிப்பை இழுத்து மூடும்போது முகுந்தன் தலையைத் தொங்கப் போட்டார்.

"பதினாலு. ரயிலு போச்சு."

நவமணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கத்தரிக்கோல் கொண்டாரட்டா?" என்றார் அவர் மெதுவாக.

"சாமி கயித்தையா?" அவள் முறைத்த முறைப்பில் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

கைப்பேசி கிணுகிணுத்தது. உமாராணி ஒரு படம் அனுப்பியிருந்தாள். தலைக்கவசம் மாட்டி, சைக்கிளோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள். பல்லெல்லாம் சிரிப்பு.

நவமணி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சடாரென்று எழுந்து, பையைத் திறந்து சைக்கிளை மறுபடி பூட்டினாள். மஞ்சள் கயிற்றை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இந்த முறை ஹேண்டில்பார் பக்கம் போகவே இல்லை. படுதாப் பையின் கைப்பிடியில் கயிற்றைச் சுற்றி, ஒவ்வொன்றாக ஏழு முடிச்சும் போட்டாள்.

"ம், இப்ப கைப்பேசிய அமுக்குங்க" என்றாள், கை முன் சக்கரத்தில்.