நானூறு எச்சரிக்கைகளின் வாயை அடைத்தேன்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் மிஷின்களை ஓட்டும் மென்பொருள் எழுதுவது என் வேலை. ஆபரேட்டர் தகட்டை அச்சில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் மிஷின் கீழே இறங்க வேண்டும். கைகள் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் இருக்காது, அவ்வளவுதான் கணக்கு.

நான் எழுதுவதைச் சரிபார்க்கும் கருவி ஒவ்வொரு முறையும் நானூறு எச்சரிக்கைகளைக் கொட்டும். பிழை என்றால் வேலையையே நிறுத்திவிடும். எச்சரிக்கை என்றால் மஞ்சள் நிறத்தில் புலம்பிவிட்டு வழிவிடும். வீட்டில் மாமனார் இருமுவதைக் கேட்பதுபோல் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாடிக்கையாளர் கம்பெனி ஆடிட்டுக்கு வருகிறது, திரையில் ஒரு மஞ்சள் வரிகூட இருக்கக் கூடாது என்றார் மேனேஜர். எல்லாவற்றையும் சரிசெய்ய நான்கு மாதமாகும் என்றேன்.

"சரி பண்ணவா சொன்னேன்? காட்டாம வைன்றேன்," என்றார். அதையே மெயிலிலும் அனுப்பினார்.

அதற்கென்றே ஒரு கோப்பு உண்டு. எந்த எச்சரிக்கை எவ்வளவு தீவிரமானது என்று அதில் நாமே தீர்மானிக்கலாம்: பிழை, எச்சரிக்கை, தகவல், எதுவுமில்லை. எல்லாவற்றுக்கும் எதிரே 'எதுவுமில்லை' போட்டேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஆடிட்டர்கள் வெறும் திரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு ஒரு சான்றிதழும் ஹாட்பேக்கும் கிடைத்தன. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஹாட்பேக்கில் இரண்டு மாதம் சப்பாத்தி சாப்பிட்டிருப்பேன், ஒரு பிரஸ் தானாக இறங்கியது. அதில் நின்றவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், படப்பை ஹாஸ்டலில் தங்கி கான்ட்ராக்டில் வேலை செய்பவள். கையுறையின் நுனி போனது, விரல்கள் தப்பின.

"பட்டன்ல நான் கையே வைக்கல சார். அதுவா எறங்கிட்டு," என்றாள்.

விபத்துப் படிவத்திலும் தீவிரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. மேனேஜர் 'சிறு நிகழ்வு' என்பதில் டிக் அடித்தார். காரணம், ஆபரேட்டரின் கவனக்குறைவு. நாளையிலிருந்து அவள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் மாடியில் என் இருக்கைக்குப் போய், அடைத்த வாயையெல்லாம் திறந்து பார்த்தேன். பட்டன் அழுத்தப்பட்டதா என்று படிப்பதற்கு முன்பே மிஷினை இறக்க முடிவெடுக்கிறாய் என்று ஒரு மஞ்சள் வரி. முதல் நாளிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அச்செடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"இத ஆஃப் பண்ணது யாரு?"

"நான்தான் சார். உங்க மெயில் இருக்கு."

அவர் காகிதத்தை மடித்து டிராயருக்குள் வைத்தார். அந்தப் பெண்ணின் கவனக்குறைவு அந்த நிமிடமே குணமாகிவிட்டது, வேலையும் திரும்பக் கிடைத்தது. "இந்த ஒண்ண மட்டும் எரர்னு மாத்திட்டு சரி பண்ணு. மத்தத எழுப்பாத, அடுத்த ஆடிட் வந்துக்கினே கீது," என்றார். நானும் நல்ல பிள்ளையாக அப்படியே செய்தேன்.

திருத்தியதை மிஷினில் ஏற்றிவிட்டு, இனிமேல் பயமில்லை, நிற்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் நகரவில்லை.

"அப்போ மொதல்ல நீங்க கைய வைங்க சார். நான் பாக்கேன்."

நியாயம்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினேன். அச்சின் விளிம்பு வரை போனது. மிச்சம் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது இருக்கிறதே என்று அப்போதுதான் எண்ணத் தோன்றியது.

"ஒரு பத்து நிமிஷம் பொறும்மா," என்று சொல்லி, மிஷினின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அந்தப் பத்து நிமிடம் முடிய நான்கு மாதம் ஆனது.