கிணற்றடிக் கண்ணாடியும் ஞாயிற்றுக்கிழமைச் சாட்சியும்

தொண்ணூறுகளின் நடுவில், இருபத்துமூன்று வயதில், என்னால் முடியாதது ஒன்றுமே இல்லை என்று ஒரு மாதம் முழுக்க நம்பினேன். அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு துள்ளும்.

கல்முனைப் பெரிய தெருவில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் தன்னம்பிக்கை வகுப்பு நடந்தது. நடத்தியவர் ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு முஸ்லிம் சேர். கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து ஆளே மாறியிருந்தார். வெள்ளிக்கிழமை தவிர ஒவ்வொரு நாள் பின்னேரமும் முப்பது பேர் கதிரையை விட்டு எழும்பி, மூன்று தரம் கை தட்டி, "என்னால ஏலும்!" என்று கத்துவோம். முதல் நாள் கீழே துணி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவந்துவிட்டார்கள். அந்தச் சண்டைக் காலத்தில் முப்பது பேர் ஒன்றாகக் கத்தினால் எங்கள் ஊரில் சனம் ஓடத்தான் பார்க்கும். பிறகு பழகிவிட்டது.

என்னோடு என் கூட்டாளியும் வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவள், ஒரே சபைக்குப் போகிறவள். தகப்பன் இல்லை, கீழே மூன்று தங்கச்சிகள். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனம் ஊர் ஊராகப் போய்ப் பெண்களோடு கதைக்க ஒரு பெண்ணைத் தேடியது. இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். வேலை எனக்கு ஆசை, அவளுக்கு அடுப்பெரிய வேண்டும். ஆனால் நாலு பேருக்கு முன்னால் நின்றால் இரண்டு பேருக்குமே நாக்கு அசையாது. அதற்காகத்தான் இந்த வகுப்பு.

சேரின் முதல் சட்டம், "பாப்பம்", "கடவுள் விட்டா" போன்ற சொற்கள் வாயில் வரவே கூடாது என்பது. இரண்டாவது சட்டம், தினமும் காலையில் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்து இருபது தரம் "என்னால ஏலும்" என்று சொல்ல வேண்டும். வகுப்பு முடியும்போது அவரே, "நாளைக்கும் நாலு மணிக்கு, இன்ஷா அல்லாஹ்" என்பார். ஒருநாள் நான் பிடித்துவிட்டேன். "சேர், நீங்க மட்டும் சொல்லலாமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது வேற, இது வேற புள்ள. நீ கையத் தட்டு!"

எங்கள் வீட்டில் கண்ணாடி கிணற்றடி மாமரத்தில்தான் இருந்தது. அப்பா சவரம் செய்வதற்காக ஆணியடித்துத் தொங்கவிட்டது. அப்பா எங்கள் சபையின் உபதேசியார். கடைக்குப் போவதானாலும் "கர்த்தருக்குச் சித்தமானால் போய்வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர். அவருடைய மகள் விடியக்காலையில் மரத்தைப் பார்த்துக் கத்தினால் அவருக்கு எப்படி இருக்கும்?

"என்ன மகள், கண்ணாடியோட கதை?"

"பயிற்சி அப்பா."

"எல்லாம் உன்னால ஏலுமெண்டா, கர்த்தர் என்னத்துக்கு?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அவருக்கும் கொஞ்சம் வேலை குறையட்டும்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அப்பா என்னோடு கதைக்கவில்லை. நான் கவலைப்படவும் இல்லை, அவ்வளவு குஷி எனக்கு. சைக்கிளில் சந்தைக்குப் போகும்போதும் மனசுக்குள் கை தட்டிக்கொண்டுதான் போனேன். மீன்காரரிடம் பேரம் பேசி வென்றேன். பக்கத்து வீட்டு மாமியை எதிர்த்துக் கூடப் பேசினேன்.

நேர்முகப் பரீட்சையன்று கூட்டாளி எங்கள் வீட்டுக்கு வந்தாள். முக்கியமான காரியத்துக்குப் போகிறவர்களின் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புவது அப்பாவின் வழக்கம். எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஒவ்வொரு கையை வைத்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக உபவாசம் வேறு. எனக்கோ பஸ் போய்விடும் என்ற பதற்றம். ஒரு கண்ணைத் திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டே, உள்ளுக்குள் ஏலும், ஏலும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமென் வருமுன்பே படி இறங்கிவிட்டேன்.

இரண்டு பேருமே நன்றாகக் கதைத்தோம். வரும் வழியெல்லாம் சிரிப்புத்தான். பத்து நாளில் கடிதம் வந்தது. வேலை எனக்கு!

நான் முற்றத்தில் குதித்த குதியில் கோழிகள் வேலி தாண்டின. அவளுக்கு என்ன கடிதம் வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமான விஷயம்தான், ஆனால் அதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி வேளை என்று ஒன்று உண்டு. நன்மை பெற்றவர்கள் எழும்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வசனத்துக்கும் சபை "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். பிறந்ததிலிருந்து அந்தச் சபையில் வாய் திறக்காத நான் முன்னால் போய் நின்றேன்.

"காலமை எழும்பிக் கண்ணாடியப் பாத்தன்."

"ஸ்தோத்திரம்."

"என்னால ஏலும் எண்டு இருபது தரம் சொன்னன்."

"ஸ்தோத்திரம்." பழக்கதோஷம்!

"நம்பினவங்களுக்குக் கட்டாயம் கிடைக்கும்."

"ஸ்தோத்திரம்."

அப்பாவின் தலை மெல்ல நிமிர்ந்தது. "கர்த்தர் செய்தார் எண்டு சொல்லு மகள்" என்றார்.

"ஓம், கர்த்தரும் செய்தார்" என்றேன். அந்த 'உம்' அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவரைச் சமாதானப்படுத்த வேகமாகச் சேர்த்தேன்: "விசுவாசத்தோட கேட்டா அவர் இல்லையெண்டு சொல்லமாட்டார்!"

இந்த முறை ஸ்தோத்திரம் கூரையைத் தூக்கியது. அப்பாவின் சத்தம்தான் எல்லாவற்றிலும் பெரியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சேரின் வகுப்பு நினைவில், எல்லோரையும் மூன்று தரம் கை தட்டச் சொல்லலாம் என்று இரண்டு கையையும் உயர்த்தினேன்.

அப்போதுதான் கூட்டாளியைக் கண்டேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சபை முழுக்க என்னைப் பார்க்க, அவள் மட்டும் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசையவில்லை.

கையைக் கீழே போட்டேன். நேரே போய் அவள் பக்கத்தில் இருந்தேன். என்னைத் திரும்பிப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"நான் ரெண்டும் செஞ்சன்தானேடி. கண்ணாடியும் பாத்தன், உபவாசமும் இருந்தன். எதுல பிழை விட்டன்?"

ஒரு மாதமாகப் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. அப்பாவின் பிரசங்கங்களிலும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. 

"நீ ஒரு பிழையும் விடல்ல" என்றேன். "ஒரு வேலைதான் இருந்திச்சு."

அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"இத நீ அங்க நிண்டு சொல்லியிருக்கலாமே."

எழும்பப் பார்த்தேன். அதற்குள் அப்பா அடுத்த பாட்டின் இலக்கத்தைச் சொன்னார். சாட்சி வேளை முடிந்துவிட்டது.