தேங்காய்ச் சட்னியின் ரகசியச் சாவி

கல்லூரிக் கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நானும் செம்பட்டி ஊர்த் தோழியும் திருட்டைத் தேர்ந்தெடுத்தோம். ரகசியச் செய்தியைப் பூட்டுகிற சாவியை ஊருக்கே கொடுத்துவிடலாம். திறக்கிற சாவி மட்டும் ஒரு கம்ப்யூட்டர் சில்லுக்குள் ஒளிந்திருக்கும். அந்தப் பூட்டின் கணக்கை உடைப்பது நடக்காத காரியம். ஆனால் கணக்குப் போடும்போது சில்லு இழுக்கும் கரண்ட் சாவியை உளறிவிடும். சாவி என்பது ஒன்றும் பூஜ்யமுமான வரிசைதான்; அதில் ஒன்று வந்தால் திரையில் நீள மேடு, பூஜ்யம் வந்தால் குட்டை மேடு. தோழி ஒரு சாவியைச் சில்லுக்குள் போட்டு, ஒரு செய்தியையும் பூட்டி என்னிடம் கொடுத்திருந்தாள். மறுநாள் காலை ஆசிரியர்கள் முன்னால் நான் அதைத் திறந்தாக வேண்டும். இல்லையென்றால் இருவரும் ஃபெயில்.

கரண்டின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப் வாங்க வசதியில்லை. ராத்திரி திண்டுக்கல் வீட்டு ஹாலில், சில்லை வீட்டுக் கரண்டில் மாட்டி, அதிலிருந்து ஒரு ஒயரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகி உட்கார்ந்தேன். மேடுகள் அழகாக எழுந்தன. நீளம், குட்டை, நீளம், நீளம். அதை வைத்துச் செய்தியைத் திறந்தால் குப்பை வந்தது. மறுபடி பார்த்தேன். வேறு சாவி, வேறு குப்பை.

சந்தேகப் பட்டியல் போட்டேன். ஒன்று, ஒயர். இரண்டு, என் ப்ரோகிராம். மூன்று, செம்பட்டிக்காரி.

"அவ வச்ச சாவிதான? போன் போட்டுக் கேட்டா சொல்லிட்டுப் போறா," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

"கேக்கக் கூடாதும்மா. திருடணும்."

"நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாக காலேஜுல," என்று மிக்ஸியைத் திருகினாள். திரையில் நீள மேடு. நிறுத்தினாள், மேடு விழுந்தது.

"அம்மா, இன்னொரு சுத்து விடு. சின்னதா."

குட்டை மேடு.

அதுவரை நான் உடைத்துக்கொண்டிருந்தது தேங்காய்ச் சட்னியை. பட்டியலில் நான்காவதாக அம்மாவைச் சேர்த்தேன்.

"செத்த நேரம் மிக்ஸி போடாம இரேன்."

"தோசைக்குத் தொட்டுக்க வெஞ்சனம் ஒஞ் சில்லு தருமாக்கும்?"

அவள் மறுபடி திருகவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. தெருவே திட்டியது. நான் மட்டும் டிவி ரிமோட்டிலிருந்த பேட்டரிகளைக் கழற்றிச் சில்லுக்கு மாட்டினேன். லேப்டாப்பும் பேட்டரியில்தான் ஓடியது. இந்த முறை மேடுகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் ஒரே சாவி. செய்தி திறந்தது.

அம்மா மெழுகுவர்த்தியோடு வந்தாள். மற்றொரு கையில் மிக்ஸி ஜார். உள்ளே தேங்காய் பல் பல்லாக அப்படியே கிடந்தது.

"அம்புட்டு ரகசியமா என்னடி எழுதியிருக்கா?"

"சாப்டியான்னு கேட்டிருக்கா."

அம்மா ஜாருக்குள் ஒரு முறை பார்த்தாள்.

"இன்னும் இல்லன்னு பூட்டி அனுப்பு."