வியூ பாயிண்ட் கம்பியும் அக்காவின் வெள்ளைச் சட்டையும்

காயாத துணியின் முடை நாற்றம் இருக்கிறதே, கொடைக்கானல் பஜாருக்குக் கீழே பள்ளத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது மூக்கை விட்டுப் போகவே போகாது. எங்கள் சந்துக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது என்பதால், காலை வெயில் முதலில் விழும் வியூ பாயிண்டின் இரும்புக் கம்பியில்தான் எல்லா வீட்டுத் துணியும் காய்ந்தது. கம்பிக்கு அப்பால் கிடுகிடு பள்ளம், அங்கிருந்து காற்று மேலே அடிக்கும் என்று, சட்டையின் கையைக் கம்பியோடு முடிந்துவிடுவோம். ஒன்பது மணிக்கு "டூரிஸ்ட் வண்டி" வருவதற்குள் எல்லாவற்றையும் அவிழ்த்தாக வேண்டும். கம்பியில் யாருக்கு எவ்வளவு இடம் என்ற சண்டையில், அம்மாவும் பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை.

அன்று என் அக்காவுக்குப் பிளஸ் டூ பரீட்சை. அவளிடம் இருந்தது ஒரே யூனிஃபார்ம் சட்டை. அது இல்லாமல் பள்ளிக்கூடத்தில் உள்ளே விடமாட்டார்கள். பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது.

"வெரசா அவுருடி, வண்டி வந்துருச்சு!" என்று அம்மா கத்த, ஒன்பது வயதுக் கழுதை நான், அக்காவின் சட்டையைப் பிடிக்காமல் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். அது பறந்து கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு புதரில் மாட்டியது. பனியில் பள்ளம் தெரியவில்லை, தெரியாததால் பயமும் இல்லை. கம்பிக்கு அடியில் நுழைந்து இறங்கிச் சட்டையை எடுத்தேன். அப்போது பனி விலகியது.

ஐயோ! காலடியில் ஒரு முழம் பாறை, அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. அம்மா அலறினாள். பக்கத்தில் துணி அவிழ்த்துக்கொண்டிருந்த ஜமீலா அக்கா கத்தவில்லை. ஈரச் சேலைகள் இரண்டை முடிந்து கீழே விட்டாள்.

"கீழ பாக்காத, என் மூஞ்சியப் பாரு. இடுப்புல சுத்திக் கட்டு. அந்தச் சட்டைய விட்டுத் தொலடி!"

விடவில்லை, பல்லில் கடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். மேலே வந்ததும் ஜமீலா அக்கா ஓங்கி ஓர் அறை விட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஈரச் சட்டையோடுதான் அக்கா பரீட்சை எழுதினாள்.

இப்போது அந்தக் கம்பி இல்லை. ஆள் உயரத்துக்கு வலை, நுழைவுச்சீட்டு, செல்ஃபி எடுக்கச் சிவப்பு இதயம். சந்தில் வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின். இடத்துக்காகச் சண்டை போடவும் ஆளில்லை. போன மாதம் என் மகளை அங்கே கூட்டிப்போனேன். ஒரே பனி. வலையைப் பிடித்து எட்டிப் பார்த்தவள், "அங்க ஒண்ணுமே இல்லம்மா, கொஞ்சம் இருந்து பாப்போம்" என்றாள்.

பனி விலகுவதற்குள் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.