வேப்பிலை செருகிய பதினோரு நாட்கள்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு பத்துக்கு என் கண் ஒரு நொடி மூடியது. மூன்று நாள் காய்ச்சலோடு, மாத்திரையை விழுங்கிவிட்டு, பத்து வயது மகளைப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் அழைத்து வந்துகொண்டிருந்தேன். கண் திறந்தபோது அறந்தாங்கிச் சாலையோர மணலில் கிடந்தோம். என் வாயெல்லாம் மண், அவள் முழங்கையில் ரத்தம். ஐந்து தையலோடு போயிற்று. பின்னால் வந்த பேருந்து சரியான நேரத்தில் நின்றுவிட்டது.

ஒரு வாரம் படுத்திருக்கச் சொன்னார் மருத்துவர். எனக்குத்தான் படுக்கத் தெரியவில்லை. "படுத்தா நோவும் கூடப் படுத்துக்கிரும், எந்திரிச்சு நடந்தா அதுவாப் போயிரும்" என்பார் அப்பா. அம்மா காய்ச்சலோடு நாற்று நட்டவர். அவர் படுத்து நான் பார்த்தது ஒரே முறை, என் ஒன்பது வயதில், அவருக்கு அம்மை கண்டபோது.

சித்திரை மாதம். அதற்கு முந்தைய வாரம்தான் கைக்குழந்தையான தம்பியோடு கிணற்றடியில் தலைசுற்றி விழப்பார்த்தார். பிறகு கழுத்தில் "முத்து" போட்டிருப்பதாகச் சொல்லி அப்பா வாசலில் வேப்பிலை செருக, வீட்டில் தாளிக்கும் சத்தம் நின்றது. அம்மை கண்டவளை மாரியம்மனாகவே பாவிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேலை ஏவக்கூடாது, அதட்டக்கூடாது. "ஏய், இங்கிட்டு வா" என்றே அழைத்துப் பழகிய அப்பா, கதவருகே கைகட்டி நின்று, "ஆத்தா, கஞ்சி குடிக்கிறீங்களா?" என்று கேட்டபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வருகிறவர்கள் வேப்பிலையைக் கண்டதும் குரலைத் தாழ்த்தித் திரும்பிப் போனார்கள். அம்மா பகலெல்லாம் தூங்கினார். தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிப் பதினோராம் நாள் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஒரு தழும்புகூட இல்லை. ஆத்தாவின் கருணை என்றார் அப்பா.

இன்று அப்படித் திரும்பிப் போகிறவர்கள் யாருமில்லை. கைபேசி எந்த வாசலிலும் நிற்பதில்லை. அலுவலகக் கோப்பு ஒன்றைக் கேட்டு நேற்று நான்கு அழைப்புகள். மூன்று முறை எழுந்தேன், இரண்டாம் முறை சுவரைப் பிடித்துக்கொண்டு மாவரைத்தேன்.

இன்று காலை முதல் பேருந்தில் அம்மா வந்தார். பேத்தியின் கட்டைத் தடவினார். அடுப்படியில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையிலிருந்து வேப்பங்கொத்தை எடுத்து வாசலில் செருகினார்.

"எனக்கு அம்மை இல்லம்மா, வெறும் காய்ச்சல்தான்."

"அன்னைக்கி எனக்கு மட்டும் என்ன இருந்துச்சாம்? வேர்க்குரு. ஒங்கப்பாவுக்கு அது முத்தாத் தெரிஞ்சுச்சு, நானும் வாயத் தெறக்கல." அடுப்பை அணைத்தார். "பிள்ளையோட கெணத்துல விழுறதுக்கு, ஆத்தா பேரச் சொல்லிப் படுக்குறது தேவல. அவளும் பொம்பளதான, கோவிச்சுக்கல. போ, போயிப் படு."