சர்ச் மினிஸ்டர்

டென்மார்க்கில் மந்திரியாக இருந்த ஒருவரை, மதம் மாற்ற வந்த பாதிரியார் என்று மனு எழுதி ஊரைவிட்டு அனுப்பியவன் நான். பெயர் போடாத மனு. தொண்ணூறுகளில் நடந்தது.

செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில், எதிர்வீட்டு அம்மாள் மாடி அறையை அவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வயதானவர், மனைவியை இழந்தவர். மிச்சக் காலத்தை இந்த அண்ணாமலையின் அடியிலேயே கழித்துவிட வேண்டும் என்பார். விசாவை அவ்வப்போது நீட்டித்துக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் தன் மந்திரிசபைக் கதைகளைச் சொல்வார். பல கட்சிகள் சேர்ந்த கூட்டணியாம். மீன்வளத் துறை மந்திரி படகில் ஏறினாலே வாந்தி எடுப்பாராம். இவர் கூட்டத்துக்குச் சைக்கிளில் போவாராம். நான் தமிழில் சொன்னதும் டீக்கடைக்காரர் சிரித்தார்.

"சைக்கிள்ல போற மந்திரியா? நம்ம வட்டச் செயலாளரே கார விட்டு எறங்க மாட்டேன்றாரு. நல்லா கேளுங்க சார், சைக்கிள் கடை வச்சிருந்திருப்பாரு."

எந்தத் துறை என்று டென்மார்க்காரரிடம் கேட்டேன். "சர்ச் மினிஸ்டர்" என்றார்.

நான் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மினிஸ்டர் என்றால் பாதிரியார் என்றும் பொருள் உண்டு என்பது அந்தக் கடையில் எனக்கு மட்டுமே தெரியும். அன்றிலிருந்து அவர் செய்ததெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. அடி அண்ணாமலையில் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கித் தருவார். குருக்களிடம் ஓயாமல் கேள்வி கேட்பார். கையில் எப்போதும் ஒரு கறுப்பு அட்டைப் புத்தகம். அதை நான் திறந்து பார்த்ததில்லை. பைபிள் என்று மனுவில் எழுதினேன். அறைக்கு யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எதிர்வீட்டு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டு அதையும் சேர்த்தேன்.

விசாரணை வந்தது. விசா நீளவில்லை. அறைக்குள் நடந்ததையெல்லாம் போலீஸ் கேட்டதால், காட்டிக்கொடுத்தது வீட்டுக்கார அம்மாள்தான் என்று அவர் நினைத்துவிட்டார். சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோவில் ஏறினார்.

"சோறு போட்ட கை சார் இது. ஏன் மூஞ்சிய திருப்பிக்கினு போறாரு?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மறு வருடம் அதே நாட்டுப் பெண் ஒருவர் அந்த அறைக்கு வந்தார். சர்ச் மினிஸ்டர் என்றால் யார் என்று கேட்டேன். தேவாலயங்களைக் கவனிக்க அவர்கள் மந்திரிசபையில் ஒரு மந்திரி உண்டு என்றார். உங்கள் கோயில்களுக்கு அப்படி ஒருவர் இல்லையா என்றும் கேட்டார். இருந்தார். அறநிலையத் துறை அமைச்சர். கார்த்திகை தீபத்துக்கு அவர் வந்தபோது மாலையோடு நின்றவன் நான். அவரை ஒரு நாளும் குருக்கள் என்று நினைத்ததில்லை.

மனுவைத் திரும்பப் பெற, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். "பேரே இல்லாத மனுவ யார் பேர்ல சார் வாபஸ் வாங்குவீங்க?" என்றார் ஒரு எழுத்தர்.

அந்தப் பெண் மூலம் முகவரி தேடிப் பிடித்து, எழுதியவன் நான், அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்கு எழுதினேன். எதிர்வீட்டுக்குப் போய் அம்மாளிடமும் சொன்னேன். "நீங்களா சார்" என்றவர் உள்ளே போய்விட்டார்.

பதில் அம்மாளுக்குத்தான் வந்தது, ஆங்கிலத்தில். படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடவில்லை. பஸ் ஏறிப் போய்த் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தன்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டிருந்ததையும், மறுபடி அவர் விசா கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதையும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.